யூவன் மெக்கால்

யூவன் மெக்கால் (ஜனவரி 25, 1915 – அக்டோபர் 22, 1989) இங்கிலாந்தில் பிறந்த, ஸ்காட்லாந்து வழிவந்த நடிகரும் நாடக ஆசிரியரும் பாடலாசிரியரும் பாடகரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜேம்ஸ் ஹென்றி மில்லர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் நிகழ்ந்த நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியின் முதன்மையான முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 'தியேட்டர் ஒர்க்சாப்' என்னும் புகழ்பெற்ற நாடகக் குழுவை ஜோன் லிட்டில்வுட்டுடன் இணைந்து நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். பிபிசி வானொலிக்காக இவர் பெக்கி சீகர், சார்லஸ் பார்க்கர் ஆகியோருடன் உருவாக்கிய 'வானொலிக் கதைப்பாடல்கள்' ஒலிபரப்புத் துறையில் ஒரு திருப்புமுனையாக அமைந்தன.

இவர் எழுதிய 'டர்ட்டி ஓல்ட் டவுன்' (அழுக்கடைந்த பழைய நகரம்), 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' (உன் முகத்தை முதன்முதலில் கண்டபோது) ஆகிய பாடல்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. எனினும் அப்பாடல்களைக் கேட்போரிற் பலர் அவற்றை இயற்றியவரின் பெயரை அறிந்திருப்பதில்லை. ஒரு பாடல் யாருக்கு உரியது, அதைப் பாடும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினா மெக்காலின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வந்தது. பொதுவுடைமைக் கொள்கையில் கொண்ட உறுதியான பற்று காரணமாகவும் நாட்டுப்புற இசையைப் பற்றிய கண்டிப்பான கருத்துகள் காரணமாகவும் இவர் பெரிதும் போற்றப்பட்டதைப் போலவே கடுமையாக விமர்சிக்கப்பட்டும் உள்ளார்.

பிறப்பும் குடும்பப் பின்னணியும்

மெக்கால் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், மான்செஸ்டரை ஒட்டியுள்ள சால்ஃபோர்டு என்னும் தொழில் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் மில்லர் இரும்பு வார்ப்புத் தொழிலாளி, தாயார் பெட்சி. இருவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். தீவிர சோசலிசவாதியும் தொழிற்சங்கவாதியுமான வில்லியம், அக்காரணத்தால் ஸ்காட்லாந்தின் வார்ப்பாலைகளில் வேலை மறுக்கப்பட்டு, பிழைப்புத் தேடி சால்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் அவருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. பெட்சி பிறர் வீடுகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவுப் பணி செய்து குடும்பத்தைத் தாங்கினார். இவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுள் உயிர் பிழைத்தவர் ஜேம்ஸ் மட்டுமே. வீட்டில் அவரை ஜிம்மி என்று அழைத்தனர்.

பெற்றோர் இருவரும் ஸ்காட்லாந்தின் பழைய பாடல்களையும் கதைப்பாடல்களையும் நிறைய அறிந்திருந்தனர். வீட்டில் ஸ்காட்லாந்து வட்டார மொழியும் தெருவில் லங்காஷயர் பேச்சுவழக்குமாக ஜிம்மி இரண்டு மொழிச்சூழல்களில் வளர்ந்தார். ஸ்காட்லாந்து என்பது அவருக்குத் தாம் பிறந்த மண்ணன்று. பெற்றோரின் பேச்சிலும் பாட்டிலும் கேட்டறிந்த நாடு. இப்பின்னணி அவருடைய பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. பிற்காலத்தில் தம் தந்தையைப் பற்றி 'மை ஓல்ட் மேன்' என்ற பாடலையும், தாயாரைப் பற்றி 'நோபடி நியூ ஷி வாஸ் தேர்' (அவள் அங்கிருந்ததை யாரும் அறியவில்லை) என்ற பாடலையும் இவர் எழுதினார்.

இளமைக் காலம்

1930 ஆம் ஆண்டில், உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் போது, மெக்கால் தொடக்கக் கல்வியுடன் பள்ளியை விட்டு வெளியேறினார். நிலையான வேலை கிடைக்காத அக்காலத்தில் மான்செஸ்டர் பொது நூலகமே அவருக்குக் கல்விக்கூடமாக விளங்கியது. இளம் பொதுவுடைமைக் கழகத்தில் சேர்ந்த அவர், 'கிளாரியன் பிளேயர்ஸ்' என்ற சோசலிச நாடகக் குழுவில் நடித்தார். பின்னர் 1931 இல் 'ரெட் மெகாபோன்ஸ்' என்ற தெருநாடகக் குழுவை நண்பர்களுடன் தொடங்கினார். ஆலை வாயில்களிலும் வேலையற்றோர் கூடும் இடங்களிலும் இக்குழு குறுநாடகங்களை நடத்தியது. மேடையோ திரைச்சீலையோ இல்லாத இந்நாடகங்களில், கடந்து செல்பவரை நிறுத்தி வைக்கப் பாட்டும் உரத்த குரலும் மட்டுமே கருவிகளாக இருந்தன.

ஏப்ரல் 24, 1932 அன்று டெர்பிஷயர் பகுதியிலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்ற மலைச் சமவெளியில் நூற்றுக்கணக்கான நடைப்பயணிகள் தடையை மீறி நுழைந்தனர். செல்வந்தர்கள் பறவை வேட்டையாடுவதற்கென அந்நிலம் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. வேட்டைக்காவலர்களுடன் ஏற்பட்ட கைகலப்பைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறைத்தண்டனை பெற்றனர். பதினேழு வயதான மெக்கால் இப்போராட்டத்திற்கான விளம்பரப் பணிகளைச் செய்தார். இதையொட்டி அவர் எழுதிய 'தி மான்செஸ்டர் ராம்ப்ளர்' என்ற பாடல், வாரம் முழுதும் ஆலையில் உழைத்து ஞாயிறன்று மட்டும் மலையேறும் தொழிலாளியின் குரலில் அமைந்தது. அது இன்றும் பிரித்தானிய நடைப்பயணிகளால் பாடப்படுகிறது.

இதே ஆண்டில் பிரித்தானிய உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5 இவரைப் பற்றிய கோப்பு ஒன்றைத் தொடங்கியது. இக்கோப்புகள் 2006 ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டன.

நாடகப் பணி

1934 இல் மெக்கால், லண்டனில் நாடகப் பயிற்சி பெற்றிருந்த ஜோன் லிட்டில்வுட்டைச் சந்தித்தார். இருவரும் இணைந்து 'தியேட்டர் ஆஃப் ஆக்‌ஷன்' என்ற குழுவையும், 1936 இல் 'தியேட்டர் யூனியன்' என்ற குழுவையும் அமைத்தனர். பின்னர் திருமணமும் செய்துகொண்டனர். இதே காலத்தில் மெக்கால் பிபிசியின் மான்செஸ்டர் நிலையத்தில் வானொலி நடிகராகவும் எழுத்தாளராகவும் பணிபுரிந்தார். நாளிதழ்ச் செய்திகளை நாடகக் காட்சிகளாக்கும் 'வாழும் செய்தித்தாள்' என்ற வடிவில் இவர்கள் 1940 இல் அரங்கேற்றிய 'லாஸ்ட் எடிஷன்' (கடைசிப் பதிப்பு) காவல்துறையால் நிறுத்தப்பட்டது. அமைதியைக் குலைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரிடமும் நன்னடத்தைப் பிணை பெறப்பட்டது.

ஜூலை 1940 இல் இராணுவத்தில் சேர்ந்த மெக்கால், அதே ஆண்டு டிசம்பரில் படையை விட்டு ஓடினார். போர் முடியும் வரை தலைமறைவாக வாழ்ந்தார். பாசிசத்தைத் தீவிரமாக எதிர்த்த ஒருவர் பாசிசத்திற்கு எதிரான போரிலிருந்து விலகியது அவர் மீதான விமர்சனங்களுள் முதன்மையானதாக இருந்து வருகிறது.

1945 இல் பழைய தோழர்கள் மீண்டும் ஒன்றுகூடி 'தியேட்டர் ஒர்க்சாப்' குழுவைத் தொடங்கினர். நிலையான அரங்கின்றி ஊர் ஊராகப் பயணம் செய்த இக்குழுவின் நாடகங்களுள் பலவற்றை மெக்கால் எழுதினார். வேலையில்லாத ஒரு மாலுமியின் கதையைக் கூறும் 'ஜானி நோபிள்' (1945), அணுவாற்றலின் வரலாற்றையும் அணுகுண்டின் அச்சத்தையும் பொருளாகக் கொண்ட 'யுரேனியம் 235' (1946) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஹிரோசிமா மீது குண்டு வீசப்பட்ட மறு ஆண்டிலேயே 'யுரேனியம் 235' மேடையேறியது.

'லாண்ட்ஸ்கேப் வித் சிம்னீஸ்' (புகைபோக்கிகள் சூழ்ந்த நிலக்காட்சி) என்ற நாடகத்திற்காக 1949 இல் எழுதப்பட்டதே 'டர்ட்டி ஓல்ட் டவுன்'. எரிவாயு ஆலை, பழைய கால்வாய், கப்பல் துறை ஆகியவற்றுக்கிடையே அரும்பும் காதலையும், நகரின் மீதான வெறுப்பையும் ஒருங்கே சொல்லும் இப்பாடலின் களம் சால்ஃபோர்டு ஆகும்.

1953 இல் தியேட்டர் ஒர்க்சாப், கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியிலுள்ள தியேட்டர் ராயல் அரங்கில் நிலைகொண்டது. தொழிலாளர் வாழும் ஊர்களுக்கு நாடகத்தைக் கொண்டு செல்வதே குழுவின் நோக்கம் என்று கருதிய மெக்கால் இம்முடிவை ஏற்கவில்லை. படிப்படியாக நாடகத்துறையிலிருந்து விலகி, நாட்டுப்புறப் பாடல்களின் பக்கம் திரும்பினார்.

பெயர் மாற்றம்

1945 ஆம் ஆண்டளவில் ஜிம்மி மில்லர் தம் பெயரை யூவன் மெக்கால் என மாற்றிக்கொண்டார். இது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து கனடாவில் மறைந்த ஒரு கேலிக் மொழிக் கவிஞரின் பெயரை ஒத்தது. ஸ்காட்லாந்து வட்டார மொழியில் புதிய இலக்கியம் படைக்க முயன்ற எழுத்தாளர் இயக்கத்தின் தாக்கம் இதிற் காணப்படுகிறது. அவ்வியக்கத்தின் முதன்மைக் கவிஞரான ஹியூ மெக்டயர்மிட் என்பவரும் கிறிஸ்டோபர் மரே கிரீவ் என்ற இயற்பெயரை விடுத்துப் புனைபெயர் கொண்டவரே.

நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸின் அறிமுகம் மெக்காலுக்குக் கிடைத்தது. பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த பாடல்கள் குடும்ப நினைவு மட்டுமல்ல, உழைக்கும் மக்களின் கலைச்செல்வம் என்ற எண்ணத்தை இத்தொடர்பு வலுப்படுத்தியது. 1953 இல் பிபிசியில் 'பாலட்ஸ் அண்ட் புளூஸ்' என்ற தொடரை வழங்கிய இவர், பின்னர் அதே பெயரில் லண்டனில் ஒரு பாடல் மன்றத்தை நடத்தினார். இது பிற்காலத்தில் 'சிங்கர்ஸ் கிளப்' எனப்பட்டது. ஆங்கிலேய நாட்டுப்புறவியலாளர் ஏ. எல். லாய்டுடன் சேர்ந்து, பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த 305 கதைப்பாடல்களுள் பலவற்றைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பெற்றோரிடம் துண்டுகளாகக் கேட்ட பாடல்களை அச்சு நூல்களின் துணைகொண்டு நிறைவுசெய்து பாடுவதும் இவரது வழக்கமாயிருந்தது.

அக்காலத்தில் பிரித்தானிய இளைஞர்கள் அமெரிக்கப் பாடல்களை அமெரிக்க உச்சரிப்பிலேயே பாடி வந்தனர். இதற்கு மாறாக, மேடையில் பாடுபவர் தமக்குச் சொந்தமான மொழியிலும் மரபிலும் உள்ள பாடல்களையே பாட வேண்டும் என்ற விதி மெக்காலின் மன்றத்தில் நடைமுறைக்கு வந்தது. பிறர் குரலைப் போலி செய்யும்போது பாடலின் பொருள் பாடுபவருக்கே புரியாமற் போகிறது என்பது இவ்விதிக்குக் கூறப்பட்ட காரணமாகும்.

இவ்விதி இருவகை விளைவுகளைத் தந்தது. மறக்கப்பட்டிருந்த தங்கள் வட்டாரப் பாடல்களைத் தேடிச் செல்லப் பல பாடகர்களை அது தூண்டியது. மறுபுறம், இசைக்கு எல்லை வகுப்பதாகவும் மெக்கால் ஒரு சர்வாதிகாரியைப் போல நடந்துகொள்வதாகவும் பலர் குறைகூறினர். சால்ஃபோர்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஸ்காட்லாந்துப் பாடகராக மேடையேறுவது அவர் வகுத்த விதிக்கே பொருந்துமா என்ற வினாவும் எழுந்தது. பெற்றோரின் மொழியும் பாடலும் ஒருவருக்கு உரிமையானவை என்று கொண்டால் அது பொருந்தும். பிறந்த ஊரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பொருந்தாது. 1965 இல் 'சிங் அவுட்' இதழில் பாப் டிலனை மெக்கால் கடுமையாக விமர்சித்ததும் இளைய தலைமுறையினரிடையே எதிர்ப்பை உண்டாக்கியது.

பெக்கி சீகர்

1956 இல் மெக்கால், அமெரிக்கப் பாடகியும் பாஞ்சோ இசைக்கலைஞருமான பெக்கி சீகரை லண்டனில் சந்தித்தார். புகழ்பெற்ற பாடகர் பீட் சீகர் இவரது தந்தை வழித் தமையன் ஆவார். அப்போது மெக்கால், நடனக் கலைஞர் ஜீன் நியூலவ்வை இரண்டாவதாக மணந்திருந்தார். 1957 இல் பெக்கிக்காக எழுதிய பாடலே 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்'. சோவியத் ஒன்றியத்திற்கும் சீனாவிற்கும் சென்றதால் அமெரிக்க அரசின் கடவுச்சீட்டுச் சிக்கலுக்கு ஆளான பெக்கி, 1959 இல் ஸ்காட்லாந்துப் பாடகர் அலெக்ஸ் காம்பலைப் பெயரளவில் மணந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். மெக்காலும் பெக்கியும் 1977 இல் திருமணம் செய்துகொண்டனர்.

ராபர்ட்டா ஃபிளாக் இப்பாடலை மிக மெதுவான நடையில் பாடி 1969 இல் வெளியிட்டார். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'பிளே மிஸ்டி ஃபார் மீ' (1971) திரைப்படத்தில் இடம்பெற்ற பின், 1972 இல் அது அமெரிக்காவில் ஆறு வாரங்கள் முதலிடம் வகித்தது. 1973 இல் 'ஆண்டின் சிறந்த பாடல்', 'ஆண்டின் சிறந்த இசைத்தட்டு' ஆகிய இரு கிராமி விருதுகளும் இப்பாடலுக்குக் கிடைத்தன. முதலாளித்துவ இசைத்தொழிலை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவருக்கு அதே தொழில் தேடித்தந்த வருவாய் இது.

வானொலிக் கதைப்பாடல்கள்

பிப்ரவரி 9, 1957 அன்று ஜான் ஆக்சன் என்ற இரயில் ஓட்டுநர், தாம் ஓட்டிய சரக்கு இரயிலின் நீராவிக் குழாய் உடைந்து தடைக்கருவி செயலிழந்தபோது, கொதிக்கும் நீராவிக்கு நடுவிலும் எஞ்சினை விட்டுக் குதிக்காமல் அதைக் கட்டுப்படுத்த முயன்று, சாப்பல்-என்-லெ-ஃப்ரித் என்ற ஊரில் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை வானொலி நாடகமாக்க விரும்பிய பிபிசி தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர், மெக்காலை அணுகினார்.

அக்கால வானொலி வழக்கப்படி, சாதாரண மக்களின் பேச்சு குறிப்பெடுக்கப்பட்டுப் பின்னர் நடிகர்களைக் கொண்டு பேச வைக்கப்பட்டது. எடுத்துச் செல்லக்கூடிய ஒலிநாடாக் கருவியுடன் சென்ற மெக்காலும் பார்க்கரும், ஆக்சனின் மனைவியையும் சக தொழிலாளர்களையும் சந்தித்து நாற்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட பேச்சைப் பதிவு செய்தனர். அப்பதிவுகளை மீண்டும் மீண்டும் கேட்ட மெக்கால், எந்த நடிகராலும் இதற்கு இணையாகப் பேச முடியாது எனக் கண்டார். தாமே ஒரு நடிகராக இருந்தும், நடிகர்கள் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். தொழிலாளர்களின் சொந்தக் குரல், வேலையிடத்து ஓசைகள், புதிதாக எழுதப்பட்ட பாடல்கள் ஆகிய மூன்றையும் உரையாசிரியர் இன்றிப் பின்னி அமைத்த 'தி பாலட் ஆஃப் ஜான் ஆக்சன்' ஜூலை 2, 1958 அன்று ஒலிபரப்பானது. பேசுபவர் பயன்படுத்திய சொற்கள், மூச்சு விடும் இடங்கள், பேச்சின் தாளம் ஆகியவற்றிலிருந்தே மெக்கால் பாடல்களை உருவாக்கினார். இசை அமைப்பைப் பெக்கி சீகர் கவனித்துக்கொண்டார்.

மொத்தம் எட்டு நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின:

* தி பாலட் ஆஃப் ஜான் ஆக்சன் (1958) – இரயில்வே தொழிலாளர்
* சாங் ஆஃப் எ ரோட் (1959) – எம்1 நெடுஞ்சாலையை அமைத்தவர்கள்
* சிங்கிங் தி ஃபிஷிங் (1960) – ஹெர்ரிங் மீனவர்கள்
* தி பிக் ஹியூவர் (1961) – நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்
* தி பாடி புளோ (1962) – இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டோர்
* ஆன் தி எட்ஜ் (1963) – பதின்ம வயதினர்
* தி ஃபைட் கேம் (1963) – குத்துச்சண்டை வீரர்கள்
* தி டிராவலிங் பீப்பிள் (1964) – நாடோடி மக்கள்

இவற்றுள் 'சிங்கிங் தி ஃபிஷிங்' 1960 ஆம் ஆண்டுக்கான இத்தாலியா பரிசைப் பெற்றது. எட்டு வயதிலேயே கடலுக்குச் சென்ற நார்ஃபோக் மீனவர் சாம் லார்னரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதப்பட்ட 'ஷோல்ஸ் ஆஃப் ஹெர்ரிங்' என்ற பாடல் இந்நிகழ்ச்சியில் இடம்பெற்றது. அதைக் கேட்ட லார்னர், தாம் வாழ்நாள் முழுதும் அறிந்த பாடல் அது என்று கூறினார் எனச் சொல்லப்படுவதுண்டு.

'தி டிராவலிங் பீப்பிள்' நிகழ்ச்சியில், ஊருக்கு ஊர் விரட்டப்படும் நாடோடிகளின் குரல்களோடு, அவர்களை வெறுப்போரின் குரல்களும் இடம்பெற்றன. அவர்களுள் திருத்த இயலாதவர்கள் அழிக்கப்பட வேண்டியவர்கள் என்ற பொருள்பட பர்மிங்காம் நகர மன்றத்தைச் சேர்ந்த ஒருவர் பேசிய பதிவு அதன் இறுதிப் பகுதியில் ஒலித்தது. இதற்கு விளக்கவுரை எதுவும் சேர்க்கப்படவில்லை.

அதிகச் செலவைக் காரணம் காட்டி பிபிசி இத்தொடரை நிறுத்தியது. 2006 இல் இதே முறையில் புதிய நிகழ்ச்சிகளை பிபிசி ஒலிபரப்பியது.

பிற்காலம்

1964 முதல் 1972 வரை இளம் பாடகர்களைக் கொண்ட 'கிரிட்டிக்ஸ் குரூப்' என்ற பயிற்சிக் குழுவை மெக்கால் நடத்தினார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையையும், ருடால்ஃப் லாபனின் உடலசைவுக் கோட்பாட்டையும் பாடும் கலைக்கு இவர் பயன்படுத்தினார். ஒரு கதைப்பாடலைப் பாடுபவர், நடிகர் தம் பாத்திரத்தை அறிவதைப் போல அதன் மாந்தரை அறிந்திருக்க வேண்டும் என்பது இவரது கொள்கை. கருத்து வேறுபாடுகளால் இக்குழு கலைந்தது. பெக்கி சீகருடன் இணைந்து ஸ்காட்லாந்து நாடோடிக் குடும்பங்களின் பாடல்களையும் இவர் தொகுத்து வெளியிட்டார்.

ஹோ சி மின், ஸ்டாலின் ஆகியோரைப் புகழ்ந்து 1950களில் இவர் பாடல்கள் எழுதினார். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகள் வெளியான பின்னர், அவரைப் பற்றிய பாடல் மெக்காலின் மதிப்பிற்குப் பெருங்களங்கமாக நோக்கப்பட்டது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் போது, எழுபது வயதை எட்டிய நிலையிலும், தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பாடல்கள் எழுதி ஒலிநாடாவாக வெளியிட்டார்.

இறுதி ஆண்டுகளில் இதய நோயால் மலையேற இயலாத நிலையில், மலைகளுக்கும் மனைவிக்கும் மக்களுக்கும் விடைகூறும் 'தி ஜாய் ஆஃப் லிவிங்' (வாழ்தலின் மகிழ்ச்சி) என்ற பாடலை எழுதினார். அக்டோபர் 22, 1989 அன்று இதய அறுவை சிகிச்சைக்குப் பின் லண்டனில் காலமானார். 'ஜர்னிமேன்' என்ற இவரது தன்வரலாறு 1990 இல் வெளிவந்தது.

மெக்காலுக்கு ஐந்து பிள்ளைகள். ஜீன் நியூலவ் மூலம் ஹேமிஷ், கிர்ஸ்டி ஆகியோரும், பெக்கி சீகர் மூலம் நீல், காலம், கிட்டி ஆகியோரும் பிறந்தனர். பாடகியாகப் புகழ்பெற்ற கிர்ஸ்டி மெக்கால் டிசம்பர் 18, 2000 அன்று மெக்சிகோவில் நிகழ்ந்த படகு விபத்தில் இறந்தார்.

மதிப்பீடு

மெக்காலின் பாடல்கள் அவரது கையை விட்டுச் சென்று பொதுச்சொத்தாயின. 'டர்ட்டி ஓல்ட் டவுன்' பாடலை டப்ளினர்ஸ், போக்ஸ் ஆகிய குழுக்கள் பாடிப் பரப்பியதால் அது அயர்லாந்துப் பாடல் எனப் பலர் எண்ணுகின்றனர். 'ஷோல்ஸ் ஆஃப் ஹெர்ரிங்' அயர்லாந்தில் பரவி, பழமையான நாட்டுப்புறப் பாடலாகவே கருதப்பட்டது. 'தி டிராவலிங் பீப்பிள்' நிகழ்ச்சிக்காக எழுதப்பட்ட 'ஃப்ரீபார்ன் மேன்' நாடோடி மக்களாலேயே தங்கள் பாடலாகப் பாடப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் மரபின் பாடல்களையே பாட வேண்டும் என்று வலியுறுத்தியவரின் பாடல்கள், மரபுகளின் எல்லையைக் கடந்து, இயற்றியவரின் பெயரின்றி வழங்குவது குறிப்பிடத்தக்கது. நாட்டுப்புறப் பாடல் ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த ஏற்பு இதுவே எனலாம்.

மெக்கால், சீகர் ஆகியோரின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரியில் தொகுத்து வைக்கப்பட்டன. இவரது நினைவாக லண்டன் ரஸ்ஸல் சதுக்கத்தில் நினைவுப் பலகை ஒன்று நிறுவப்பட்டுள்ளது.